குரோஷாவில் குட்டித் தொட்டி மரம்: அடிமரம் முதலில், இலை அப்புறம்

கேள்வி இதுதான்: "ஷோகேஸில் வைக்க, சின்னத் தொட்டியில் நிற்கும் குட்டி மரம் ஒன்றைக் குரோஷாவில் பின்ன ஆசை. சங்கிலி, சிங்கிள், டபுள் எல்லாம் தெரியும். வீடியோ பார்த்து ஒன்று பின்னியும் விட்டேன். ஆனால் மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிறது. மேலே இருப்பது இலையாகவே தெரியவில்லை, குச்சியில் குத்திய பச்சைப் பந்து போல இருக்கிறது. எங்கே சரிசெய்ய வேண்டும்?"

இரண்டு குறைக்கும் காரணம் ஒன்றுதான். நிறைய செய்முறைகள் பச்சை நூலில் ஆரம்பிக்கின்றன. இலைக்கொத்தைப் பின்னி முடித்துவிட்டு, பழுப்பு நூலில் ஒரு குழாய் பின்னி, உள்ளே பஞ்சு அடைத்து, தொட்டியில் ஒட்டச் சொல்கின்றன. அடியிலும் நுனியிலும் ஒரே பருமனாக இருக்கும் அந்தக் குழாயை நம் கண் மரமென்று ஏற்றுக்கொள்வதில்லை. மேலே எத்தனை நேர்த்தியான இலையை வைத்தாலும் அது பொம்மையாகத்தான் நிற்கும். பஞ்சுக் குழாய்க்கு மேல்பாரத்தைத் தாங்கும் வலுவும் கிடையாது, அதனால்தான் சாய்கிறது. என்னைக் கேட்டால், மொத்த வேலையில் பாதியை அடிமரத்துக்கும் வேருக்கும் கொடுங்கள். அடிமரம் சரியாக அமைந்துவிட்டால், மேலே சுமாரான இலை வைத்தாலும் பார்க்கிறவர்கள் "மரம்" என்றுதான் சொல்வார்கள்.

இதைக் குரோஷா படங்களைப் பார்த்துக் கற்பதைவிட, உண்மையான போன்சாய் மரங்களைப் பார்த்துக் கற்பது நல்லது. டோக்கியோவுக்கு வடக்கே சைதாமா நகரில் ஓமியா போன்சாய் கிராமம் என்று ஓர் இடம் இருக்கிறது. 1923-ல் வந்த கான்டோ நிலநடுக்கத்துக்குப் பிறகு டோக்கியோவிலிருந்து இடம்பெயர்ந்த போன்சாய் வளர்ப்பாளர்கள் 1925-ல் அங்கே குடியேறி உருவாக்கியது. 2010-ல் பக்கத்திலேயே போன்சாய்க்கென ஓர் அருங்காட்சியகமும் திறந்தார்கள். அங்குள்ள மரங்களின் படங்களைத் தேடி, இலையை மறந்துவிட்டு அடியை மட்டும் பாருங்கள். மண்ணைத் தொடும் இடத்தில் வேர்கள் நாலாபக்கமும் விரிந்து மண்ணைப் பிடித்திருக்கும். அவர்கள் அதை நெபாரி என்கிறார்கள். அடிமரம் கீழே பருத்து மேலே போகப் போக மெலியும். முதல் கிளை மொத்த உயரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் பிரியும். கிளைக்கும் கிளைக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும். குருவி நுழைந்து பறக்க இடம் விட வேண்டும் என்று போன்சாய்க்காரர்கள் சொல்வது இந்த வெற்றிடத்தைத்தான். உயரம், அடிமரத்தின் பருமனைப் போல ஆறு மடங்கு இருக்கலாம் என்பது அவர்கள் பொதுவாக வைத்துக்கொள்ளும் அளவு. நாம் 12 சென்டிமீட்டர் உயரத்துக்கு மரம் செய்யப்போகிறோம் என்றால், அடியில் 2 சென்டிமீட்டர் பருமன் வேண்டும்.

வடிவத்தில், லேசாக வளைந்து நெளிந்து மேலே போகும் 'மோயோகி' பாணியை எடுத்துக்கொள்ளுங்கள். நேராக நிற்கும் மரத்தில் இடமும் வலமும் கொஞ்சம் பிசகினாலும் உடனே தெரியும். தொட்டிக்கு வெளியே தொங்கும் மரத்துக்கு எதிர்ப்பாரம் நிறைய வேண்டும். வளைந்த மரம் சின்னச் சின்னப் பிசகுகளைத் தாங்கிக்கொள்ளும்.

சரி, சாமான்கள். அடிமரத்துக்கும் தொட்டிக்கும் 4 பிளை பருத்தி நூல் நல்லது. ஆங்கர் நிட்டிங் காட்டன் மாதிரியான நூல் போதும். இலைக்கு அக்ரிலிக் நூலும் சரிப்படும். பச்சை 30 கிராம், அடிமர நிறம் 15 கிராம், தொட்டி நிறம் 15 கிராம் இருந்தால் தாராளம். ஊசி 2 மில்லிமீட்டர். நூலின் சீட்டில் இதைவிடப் பெரிய ஊசி போட்டிருப்பார்கள், அது உடுப்புக்கான அளவு. நமக்குத் தையல் நெருக்கமாக இருக்க வேண்டும், இடுக்கு வழியாக உள்ளே இருப்பது தெரியக் கூடாது. பிறகு மழுங்கிய முனையுள்ள உல்லன் ஊசி, வரிசை ஆரம்பத்தைக் குறிக்க ஓர் ஊக்கு, ஒரு குறடு, வெள்ளைப் பசை, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், ஒரு ஐஸ்கிரீம் கப். கடைசியாகக் கம்பி.

கம்பியை அவசரத்தில் வாங்கிவிடாதீர்கள். கட்டிட வேலைக்கான கட்டுக் கம்பி மலிவு, வளைக்கவும் சுலபம். ஆனால் அது இரும்பு. ஈரப் பிளாஸ்டரில் நட்டால் துருப்பிடிக்கும், ஈரக்காற்றுள்ள ஊரில் அந்தத் துரு மெல்ல நூலில் ஊறிப் பழுப்புக் கறையாக வெளியே வரும். 20 கேஜ் செப்புக் கம்பி, அதாவது ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் தடிமன், சரியாக இருக்கும். கைவினைக்கான அலுமினியக் கம்பியும் சரி, அது இன்னும் மென்மை என்பதால் 1.5 மில்லிமீட்டர் தடிமனாக வாங்குங்கள். அலுமினியத்தைச் சிமெண்டில் மட்டும் நடாதீர்கள். ஈரச் சிமெண்டின் காரத்தன்மை அதை அரித்துவிடும்.

இனி அடிமரத்தின் எலும்பைக் கட்டலாம். 45 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு துண்டுகள் வெட்டிக்கொள்ளுங்கள். நான்கையும் சேர்த்து நடுவில் மடித்தால் கீழே நான்கு வளையம், மேலே எட்டு முனை. வளையங்களை நான்கு திசைக்கும் விரித்துவிடுங்கள். தொட்டிக்குள் பிடிமானமாக இருக்கப்போவது அவைதான். அதற்கு மேல் எட்டையும் சேர்த்து முறுக்கிக்கொண்டே போங்கள். மண் மட்டத்திலிருந்து 4 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் இரண்டு முனைகளை இடப்பக்கம் பிரித்து விடுங்கள். அது முதல் கிளை. மீதி ஆறையும் முறுக்கி 6.5 சென்டிமீட்டரில் இரண்டை வலப்பக்கம் பிரியுங்கள். 8.5-ல் இன்னும் இரண்டைப் பின்பக்கம். கடைசி இரண்டு உச்சி. எட்டு, ஆறு, நான்கு, இரண்டு என்று கம்பியே மேலே போகப் போக மெலிந்துவிடுவதால், அடிமரத்தின் சரிவு எந்தக் கணக்கும் இல்லாமல் தானாகக் கிடைக்கிறது. பின்பக்கக் கிளையை விட்டுவிடாதீர்கள். பலர் இடம், வலம் மட்டும் வைத்து நிறுத்திவிடுகிறார்கள், அந்த மரம் தட்டையாகத் தெரியும். மூன்று கிளைகளும் வெவ்வேறு உயரத்தில் இருக்கட்டும். ஒரே மட்டத்தில் எதிரெதிராக இரண்டு கிளை வந்தால் சிலுவை மாதிரி ஆகிவிடும்.

பிரித்த முனைகளை இரண்டிரண்டாக முறுக்கி, முதல் கிளையை 5 சென்டிமீட்டருக்கும், மேலே உள்ளவற்றை அதைவிடக் குட்டையாகவும் வெட்டி, நுனியைக் குறட்டால் மடித்துவிடுங்கள். மடிக்காத நுனி நூலைக் கிழிக்கும், விரலையும் குத்தும். பிறகு அடிமரத்தை மெல்ல வளையுங்கள், முதலில் ஒரு பக்கம், அப்புறம் எதிர்ப்பக்கம். உச்சி, அடியின் நடுப்புள்ளிக்கு நேர் மேலே வந்து நிற்க வேண்டும். நடுவில் எவ்வளவு நெளிந்தாலும் பரவாயில்லை, உச்சி அடிக்கு மேலே திரும்பிவிட்டால் மரம் நிலையாகத் தெரியும். கிளைகளைக் கிடைமட்டமாகவோ சற்றுக் கீழ்நோக்கியோ வளையுங்கள். இளஞ்செடியின் கிளைதான் மேல்நோக்கிப் போகும். வயதான மரத்தின் கிளைகள் தங்கள் பாரத்திலேயே தாழ்ந்திருக்கும். இந்த ஒரு வளைவு மரத்துக்கு வயதைக் கூட்டிவிடும்.

இப்போது முக்கியமான வேலை. ஒரு தையல்கூடப் போடுவதற்கு முன்பே கம்பியைத் தொட்டியில் நட்டுவிடுங்கள். அடியில் 4.5, மேலே 6.5 சென்டிமீட்டர் விட்டம், 4 சென்டிமீட்டர் உயரம் உள்ள ஐஸ்கிரீம் கப் நம் அளவுக்குப் பொருத்தம். கம்பி வளையங்களை அதன் அடியில் வைத்து, சுற்றிலும் கூழாங்கற்களைப் போட்டு நேராக நிறுத்துங்கள். பிளாஸ்டரைக் கலக்கும்போது தண்ணீரை முதலில் எடுத்துக்கொண்டு, அதில் பவுடரைத் தூவ வேண்டும். அளவு, ஒரு பங்கு தண்ணீருக்கு இரண்டு பங்கு பவுடர். பவுடர் மேல் தண்ணீரை ஊற்றினால் கட்டி கட்டியாகிவிடும். கப்பின் விளிம்புக்கு அரை சென்டிமீட்டர் கீழே வரைக்கும் ஊற்றி, இறுகும் வரை கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள் அல்லது எதிலாவது சாய்த்து வையுங்கள். இறுகும்போது கப் சூடாகும், அது இயல்புதான். அரை மணி நேரத்தில் கெட்டியாகும், உள் ஈரம் முழுதும் போக ஒரு நாளாவது விடுங்கள். ஈரம் இருக்கும்போதே நூல் வேலையை ஆரம்பித்தால் பின்னால் பூஞ்சை வரும்.

காய்ந்ததும் அந்தக் கப் நூறு கிராமுக்கு மேல் கனக்கும். மேலே வரப்போகும் நூலும் கம்பியும் அதில் பாதிகூட இருக்காது. அத்தனையும் பின்னிவிட்டுக் கடைசியில் நிற்க வைக்கப் பார்ப்பதைவிட, ஆரம்பத்திலேயே நிற்கும் ஒரு மரத்துக்கு உடை போடுவது எவ்வளவோ சுலபம். ஒவ்வொரு கட்டத்திலும் கப்பைத் திருப்பித் திருப்பி நாலு பக்கமும் பார்க்கலாம். சாய்கிற பிரச்சினை இங்கேயே தீர்ந்தது.

பின்னலுக்குப் போகும் முன் ஒரு சின்ன எச்சரிக்கை. நான் 'சிங்கிள்' என்று சொல்வது அமெரிக்கப் பெயர். ஊசியைத் தையலுக்குள் விட்டு நூலை இழுத்து, ஊசியில் இருக்கும் இரண்டு கண்ணிகளையும் ஒரே இழுப்பில் கழிப்பது. பிரிட்டிஷ் புத்தகங்களில் இதே தையலுக்கு 'டபுள்' என்று பெயர். உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் பிரிட்டிஷ் முறையில் படித்தவராக இருந்தால் எல்லாம் ஒரு படி மாறிவிடும், கவனித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சிங்கிள் போடும்போது நூலை ஊசிக்கு மேலே சுற்றி எடுக்காமல், ஊசியை நூலுக்கு மேலே கொண்டுபோய்க் கொக்கியால் நேரடியாகப் பிடித்து இழுத்தால் தையல் சின்னதாகவும் இறுக்கமாகவும் வரும். இந்த மரம் முழுக்க அப்படியே போடுங்கள்.

கம்பி மட்டும் 3 மில்லிமீட்டர் பருமன்தான் இருக்கும். அடியில் 2 சென்டிமீட்டர் வேண்டுமே. அதற்கு மிச்ச நூலையோ பழைய பனியன் துணிக் கீற்றையோ பசை தடவிச் சுற்றுங்கள். அடியில் நிறைய, மேலே போகப் போகக் குறைவாக. பஞ்சு வேண்டாம், அது அமுங்கும். சுற்றும்போதே ஒரு பக்கம் கொஞ்சம் புடைப்பு, ஒரு பக்கம் பள்ளம் இருந்தால் நல்லது. உருண்டையான அடிமரம் உலகத்தில் எங்கும் இல்லை.

இதற்கு மேல் போர்த்தும் பட்டையைக் குழாயாகப் பின்னாமல் தட்டையாகப் பின்னுங்கள். கிளைகள் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் குழாயை மாட்ட முடியாது என்பது முதல் காரணம். தட்டைத் துணியைச் சுற்றித் தைக்கும்போது வேண்டிய இடத்தில் இழுத்துப் பிடிக்கலாம் என்பது இரண்டாவது. 2 மில்லிமீட்டர் ஊசியில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ மூன்று தையல் வரும். 21 சங்கிலி போட்டு, இரண்டாவது சங்கிலியிலிருந்து 20 சிங்கிள். அடுத்த ஆறு வரிசைகளில் வரிசைக்கு ஒன்று குறைத்து 14-க்கு வாருங்கள். அடி விரிந்திருப்பது இதனால்தான். அதற்குப் பிறகு நான்கு வரிசைக்கு ஒன்று என்று குறைத்து 6 தையலில் முடியுங்கள். உங்கள் கை இறுக்கம் வேறாக இருக்கும், எனவே வரிசையின் எண்ணிக்கையை நம்பாமல் அவ்வப்போது கம்பியின் மேல் வைத்துப் பாருங்கள். உச்சி வரை எட்டினால் போதும்.

நிறத்தில் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். மரத்தின் பட்டை சாக்லேட் பழுப்பு என்று நாம் சின்ன வயது ஓவியத்திலிருந்து நம்பி வந்திருக்கிறோம். வெளியே போய் நான்கு மரங்களைப் பாருங்கள், பெரும்பாலானவை சாம்பல், இல்லையென்றால் சாம்பல் கலந்த பழுப்பு. ஒரு சாம்பல் இழையும் ஒரு பழுப்பு இழையும் சேர்த்துப் பிடித்துப் பின்னினால் அந்தக் கலவை கிடைக்கும். அப்படிச் செய்தால் மெல்லிய நூலாக எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டும் சேர்ந்து 4 பிளை பருமன் வந்தால் போதும்.

துணியை அடிமரத்தில் சுற்றும்போது கிளைக் கம்பிகள் வரும் இடத்தில் இரண்டு தையலுக்கு நடுவே அவற்றை வெளியே நுழைத்து எடுங்கள், அப்புறம் பின்பக்கம் மூடித் தையுங்கள். மூட்டு எந்தப் பக்கம் வருகிறதோ அதுவே மரத்தின் பின்பக்கம். கிளைகளில் பசை தடவி அதே நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்து அடிமரத்தில் முடியுங்கள். இனி பட்டையின் வெடிப்பு. கொஞ்சம் அடர்ந்த நிற நூலை எடுத்து, துணியின் மேற்பரப்பிலேயே ஸ்லிப் ஸ்டிச் (இழுத்த நூலை ஊசியில் இருக்கும் கண்ணி வழியாகவும் அப்படியே எடுத்துவிடும் தையல்) போட்டு, வேரிலிருந்து மேல்நோக்கிக் கோணல்மாணலாக ஏழெட்டுக் கோடுகள் இழுங்கள். சிலது பாதியில் நிற்கட்டும், சிலது கிளைக்குத் திரும்பட்டும். எண்ணிக்கை எதுவும் பார்க்க வேண்டாம். இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அதுவரை பின்னிய துணியாகத் தெரிந்தது, இந்தக் கோடுகள் ஏறியதும் மரப்பட்டையாகிவிடும்.

வேர்களுக்கு, அடி விளிம்பில் நூலைக் கோத்து 9 சங்கிலி போடுங்கள். இரண்டாவது சங்கிலியிலிருந்து திரும்பி வரும்போது 2 ஸ்லிப் ஸ்டிச், 3 சிங்கிள், 3 அரை டபுள் (முதலில் ஊசியில் நூலை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு, கடைசியில் மூன்று கண்ணிகளையும் ஒரே இழுப்பில் கழிப்பது). நுனி மெலிந்து அடி பருத்த ஒரு வேர் வரும். இப்படி ஐந்து வேர். நீளத்தை ஒவ்வொன்றுக்கும் மாற்றுங்கள், ஒன்று 6 சங்கிலி, ஒன்று 12. இடைவெளியும் சமமாக வேண்டாம். மரம் எந்தப் பக்கம் சாய்ந்து வளைகிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நீளமான வேரை வையுங்கள். இழுத்துப் பிடித்திருப்பது போல இருக்கும், உண்மையான மரமும் அப்படித்தான் செய்கிறது.

இலைக்கு வருவோம். உங்கள் பச்சைப் பந்து எப்படி வந்தது என்று புரிந்துகொண்டால் இது சுலபம். ஒரு சிங்கிள் தையல் ஏறத்தாழ அகலமும் உயரமும் சமமாக இருக்கும். வட்டம் ஒரு சுற்று பெரிதாகும்போது ஆரம் ஒரு தையல் கூடுகிறது, சுற்றளவு 6.28 தையல் கூட வேண்டும். அதனால்தான் 6-ல் ஆரம்பித்துச் சுற்றுக்கு ஆறு ஆறாகக் கூட்டினால் தட்டை வட்டம் வருகிறது: 6, 12, 18, 24. கூட்டுவதை நிறுத்தினால் கிண்ணமாகக் குழியும், குறைத்தால் பந்தாக மூடிக்கொள்ளும். அமிகுருமி என்னும் குரோஷா பொம்மைகளின் தலை எல்லாம் இந்தக் கணக்குதான். மாறாக, ஆறுக்கு மேல் கூட்டிக்கொண்டே போனால் துணிக்கு இருக்க இடம் போதாமல் விளிம்பு மடிந்து நெளியும். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கணிதம் கற்பித்த டைனா டைமினா 1997-ல் இந்த நெளிவை வைத்தே, அதிபரவளையத் தளம் என்னும், விளிம்பை நோக்கிப் போகப் போக நெளிந்து விரியும் வடிவத்தை மாணவர்கள் கையில் தொட்டுப் பார்க்கும்படி குரோஷாவில் பின்னிக் காட்டினார். பின்னாளில் வெர்தைம் சகோதரிகள் அதே முறையில் பவளப்பாறைகளையே பின்னினார்கள். கீரை, முட்டைக்கோஸ் இலையின் விளிம்பு நெளிவதும் இதே காரணத்தால்தான். நமக்கு இலைக்கொத்தில் வேண்டியது அந்த நெளிவு, பந்தின் மூடல் இல்லை.

ஆகவே ஒரே பெரிய உருண்டைக்குப் பதிலாகச் சின்னச் சின்னத் தட்டுகளாகப் பின்னுங்கள். மேஜிக் ரிங்கில், அதாவது முனையை இழுத்தால் மூடிக்கொள்ளும் நூல் வளையத்தில், 6 சிங்கிள். அடுத்த சுற்றிலிருந்து, தையலின் தலையில் இருக்கும் இரண்டு கண்ணிகளில் பின்கண்ணியில் மட்டும் ஊசியை விட்டு 12, 18, 24 என்று போங்கள். ஒவ்வொரு சுற்றிலும் முன்கண்ணிகள் வரிவரியாக மேலே விடுபட்டு நிற்கும். கடைசிச் சுற்றின் விளிம்பில் ஒவ்வொரு தையலிலும் 'ஸ்லிப் ஸ்டிச், 3 சங்கிலி, ஸ்லிப் ஸ்டிச்' போட்டுவிட்டு, அப்படியே உள்நோக்கித் திரும்பி, விடுபட்ட முன்கண்ணிகளிலும் இதையே போட்டுக்கொண்டு நடுப்புள்ளி வரை வாருங்கள். தட்டு முழுக்கச் சின்னச் சின்னக் கண்ணி இலைகள் எழுந்து நிற்கும். பொறுமை வேண்டிய வேலை, ஒரு தட்டுக்கு மேல் ஒரே மூச்சில் போட்டால் மணிக்கட்டு வலிக்கும். ஆனால் இலை இலையாகத் தனியே பின்னித் தைப்பதைவிட இது சீக்கிரம் முடியும், உதிராது.

முதல் கிளைக்கு நான்கு தட்டு, இரண்டாவதற்கு மூன்று, பின்கிளைக்கு இரண்டு, உச்சிக்கு மூன்று. கீழ்க்கிளைக்கு 24 தையல் அளவு, மேலே போகப் போக 18, 12. மொத்தம் பன்னிரண்டு தட்டு, மூன்று பச்சையில் பின்னினால் அழகு. ஒரே பச்சையில் பின்னிய மரம் எவ்வளவு நுணுக்கமாக இருந்தாலும் பிளாஸ்டிக் போலத் தெரியும். உள்பக்கத் தட்டுகள் அடர்பச்சை, வெளியே நடுத்தரம், உச்சிக்கும் கிளை நுனிக்கும் இளம்பச்சை. துளிர் வருவது நுனியில்தானே.

தட்டுகளைக் கிளைக்கு மேல்புறம் கிடையாக வைத்து, ஒன்றன் விளிம்பு மற்றொன்றின் மேல் கொஞ்சம் ஏறும்படி தையுங்கள். கிளையின் அடிப்பாகத்தை, அடிமரத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டராவது, இலையில்லாமல் விடுங்கள். கை சும்மா இருக்காது, வெற்றிடத்தைப் பார்த்தால் இன்னொரு தட்டு தைக்கத் தோன்றும். தைக்காதீர்கள். நெளிந்து போகும் அடிமரம் இலைகளுக்கு நடுவே அங்கங்கே தெரிவதுதான் இந்த மரத்தின் அழகு. ஷோகேஸில் மரம் கண் மட்டத்தில் இருக்கும், தட்டுகளின் அடிப்பக்கமும் தெரியும். நூல் முனைகளை அங்கே தொங்கவிடாமல் உள்ளே இழுத்து முடித்துவிடுங்கள்.

தொட்டி சுலபம். 6-ல் ஆரம்பித்து ஏழு சுற்றில் 42 வரை தட்டை வட்டம். அடுத்த சுற்றைப் பின்கண்ணியில் மட்டும் போட்டால் அடியில் கூர்மையான மடிப்பு கிடைக்கும். பிறகு நான்கு சுற்றுக்கு ஒருமுறை ஆறு தையல் கூட்டி 60-க்கு வந்து, கப்பின் விளிம்பு வரை பின்னி, அடியிலிருந்து கப்பின் மேல் ஏற்றிவிடலாம். தொட்டிக்குச் செம்மண் நிறமோ கருநீலமோ எடுங்கள். பச்சைத் தொட்டி மட்டும் வேண்டாம், மரத்தோடு கலந்துவிடும். மண்ணுக்கு, நடுவில் அடிமரம் நுழைய 20 சங்கிலியில் ஆரம்பித்து, வளையமாக மூடாமல், வரிசைக்கு ஆறு கூட்டி 56 தையல் வரும் வரை போங்கள். பிளவைப் பின்பக்கம் வைத்து மூடித் தைத்து, விளிம்பைத் தொட்டியோடு இணைத்துவிடுங்கள். வேர்கள் இந்த மண்ணுக்கு மேல் வர வேண்டும். நுனிகளை மட்டும் ஒரு தையலில் பிடித்துவிட்டால் போதும். மிச்சப் பச்சை நூலில் அங்கங்கே முடிச்சுகள் போட்டால் பாசி.

இதே எலும்பில் வேறு மரங்களும் செய்யலாம். காகிதப்பூ நம் ஊர்த் தொட்டிகளில் நன்றாக வருகிற போன்சாய், நூலுக்கும் பொருந்தும். பூவென்று நாம் நினைக்கும் அந்த மூன்று வண்ண இதழ்கள் உண்மையில் நிறம் மாறிய இலைகள், பூ அவற்றுக்குள் வெள்ளையாகச் சின்னதாக இருக்கும். அதனால் ஐந்து இதழ் போடாமல் மூன்றே போட்டு, நடுவில் ஒரு வெள்ளை முடிச்சு வையுங்கள், பார்த்ததும் அடையாளம் தெரியும். பைன் மரத்துக்கு அக்ரிலிக் நூலில் தட்டுகளைப் பின்னிக் கம்பிப் பிரஷ்ஷால் வாரினால் இழை பிரிந்து ஊசியிலையாகும். பருத்தியில் இது வராது.

ஆலமரம் செய்ய ஆசையிருந்தால் இரண்டாவது மரமாகச் செய்யுங்கள். அதற்கு உயரத்தைவிடப் பரப்பு அதிகம் வேண்டும், தட்டையான அகலத் தொட்டியும் வேண்டும். விழுதுகளுக்கு மெல்லிய நூலில் சங்கிலி மட்டும் போட்டுக் கிளையிலிருந்து தொங்கவிடலாம். சில விழுதுகள் மண்ணைத் தொட்டுத் தூணாகப் பருத்திருக்க வேண்டும், அவற்றுக்கு உள்ளே ஒற்றைக் கம்பி வையுங்கள். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரம் 1989 புயலில் நடு அடிமரம் சாய்ந்த பிறகும் விழுதுகளின் பலத்தில் நிற்கிறது. சென்னையில் இருந்தால் பின்னுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.

விழுதுகளையும் வேர்களையும் விறைப்பாக்கச் சோற்றுக் கஞ்சி போடுவது நம் வீட்டுப் பழக்கம். அலங்காரப் பொருளுக்கு அது வேண்டாம். ராமபாணப் பூச்சிக்கு மாவுப் பொருள் பிடித்த தீனி, ஷோகேஸ் மாதிரி திறக்காத இருட்டு இடமும் பிடிக்கும். ஒரு பங்கு வெள்ளைப் பசையில் இரண்டு பங்கு தண்ணீர் கலந்து பிரஷ்ஷால் தடவுங்கள், காய்ந்ததும் நிறமில்லாமல் போய்விடும். அசல் கம்பளி நூலையும் தவிர்க்கலாம், அந்துப்பூச்சியின் புழு அதைத் தின்னும். பருத்தியையும் அக்ரிலிக்கையும் அது பெரும்பாலும் தொடாது. மரத்தைத் தண்ணீரில் அலசக் கூடாது. தூசியை மெல்லிய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஊதினால் போதும். ஜன்னல் வெயில் நேராகப் படும் இடம் வேண்டாம், நிறம் வெளுக்கும். உள்ளே கம்பி இருப்பதால் குழந்தைகள் கைக்கு எட்டும் இடமும் வேண்டாம். இது விளையாட்டுச் சாமான் இல்லை.

நீங்கள் ஏற்கெனவே பின்னியதை வீணாக்க வேண்டியதில்லை. பச்சைப் பந்தைப் பிரித்து, நூலை நாற்காலி முதுகில் சுற்றித் தளர்வான கட்டாக எடுத்து, நான்கு இடத்தில் முடிந்து, தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் சுருள் பெரும்பாலும் நீங்கிவிடும். அக்ரிலிக் என்றால் இஸ்திரிப்பெட்டியின் ஆவியைக் காட்டாதீர்கள். சூடு அதிகமானால் இழை துவண்டு, பழைய விறைப்பு திரும்ப வராது, கண்ணி இலைகள் எழுந்து நிற்காமல் படுத்துவிடும். பழுப்புக் குழாயைப் பிரித்தால் வரும் நூல் எவ்வளவு சுருண்டிருந்தாலும் பரவாயில்லை. புது மரத்தின் கம்பியைப் பருமனாக்க உள்ளே சுற்றுவதற்கு அதுவே போதும்.